தோபியாவின் பின்னால் போன நாய்



அன்பியக் கூட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது யாராவது ஓர் இளம் தம்பதி என்னை ஓரமாக அழைப்பார்கள். "டாக்டரய்யா, பையன் நாய்க்குட்டி வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். வாங்கலாமா? ஆண்டவருக்குச் சித்தம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" கூட நிற்பவர்களில் சிலர், இதற்கெல்லாமா கடவுளை இழுப்பது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் வீட்டின் காலை நேரம், மாதச் செலவு, நினைத்தபோது ஊருக்குப் போய்வரும் சௌகரியம், பிள்ளையின் மனசு எல்லாவற்றையும் இது மாற்றப்போகிறது. அதுவும் 10, 12 ஆண்டுகளுக்கு. இதைக் கடவுளிடம் கேட்கத்தான் வேண்டும்.

நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன். திண்டுக்கல் மாவட்டத்து அரசு மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆடு மாடுகளோடு கழிந்த காலமே அதிகம். பிற்பாடு நாயும் பூனையும் வரத் தொடங்கின. அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்களில் பலருக்கு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் தடுமாறினார்கள். முதன்முதலாக ஓர் உயிரை வீட்டுக்குள் சேர்க்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தோபித்து நூலை ஒருமுறை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். 14 அதிகாரம்தான். முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்த தோபித்துவின் கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை போகிறது. தூரதேசத்தில் கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணைக்கு ஓர் ஆளை நாள்கூலி பேசி அமர்த்துகிறார்கள். வீட்டு நாயும் கூடவே கிளம்பிவிடுகிறது. அதற்குப் பெயர் சொல்லப்படவில்லை. அது எந்த அற்புதமும் செய்யவில்லை. போகும்போது ஓரிடத்தில் வருகிறது, திரும்பும்போது ஓரிடத்தில் வருகிறது, அவ்வளவே.

கூலிக்கு வந்தவர் அதிதூதர் இரபேல் என்பது 12ஆம் அதிகாரத்தில்தான் தெரியவருகிறது. அதற்குள் பணம் கைக்கு வந்து, தோபியாவுக்குக் கல்யாணமும் ஆகி, மீனின் பித்தத்தைத் தடவி அப்பாவுக்குப் பார்வையும் திரும்பிவிட்டது. வழிகாட்டுகிறவர் பக்கத்திலேயே நடந்திருக்கிறார், நடந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் செய்தது சின்னச் சின்ன வேலைகள். மீனைப் பிடி என்றபோது பிடித்தார்கள். பித்தத்தையும் இதயத்தையும் ஈரலையும் எடுத்து வை என்றபோது எடுத்து வைத்தார்கள். இறைவன் நடத்துகிறார் என்று நம்பும் குடும்பம் இப்படித்தான் நடக்கும். வானத்தில் எழுத்துத் தோன்றட்டும் என்று அது வாசலில் நிற்காது. அடுத்த வேலை எதுவோ அதை ஒழுங்காகச் செய்துகொண்டே போகும். நடத்தப்பட்டிருக்கிறோம் என்பது பிறகு தெரியவரும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும்.

2. வாங்குவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். விடியற்காலையில் எழுந்து வெளியே கூட்டிப்போவது யார், மூத்திரம் துடைப்பது யார், காய்ச்சலில் கிடக்கும்போது கண்விழிப்பது யார் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். அநேகமாக எல்லா வேலையும் வீட்டம்மா தலையில்தான் வந்து விழும். அவர் வாய் திறக்காமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "ஜெபம் பண்ணித்தான் வாங்கினோம்" என்று சொல்லாதீர்கள். மாமியாருக்கு இழுப்பு நோய் இருக்கிறது, பூனை முடி ஆகாது என்றால் அதுவும் ஆண்டவர் கொடுத்த பதில்தான். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் அந்த நாய் உங்கள் வாசலில் இருக்கும். அந்த நாளையும் சேர்த்து யோசியுங்கள்.

எதை வாங்குவது என்றும் கேட்பீர்கள். பனிப்பிரதேசத்து ஹஸ்கியைத் திண்டுக்கல் வெயிலில் வளர்ப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம் மண்ணின் நாய்கள். ஆனால் ஓட இடம் வேண்டும். இரண்டு அறை வீட்டுக்குள் அவை தவித்துப்போகும். தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்று கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது நம் வீடுகளுக்கு வேறில்லை. எந்தக் குட்டியானாலும் 8 வாரம் முடிவதற்குள் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் ஆசைக்குக்கூட வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். சிறகு வெட்டிய கிளியைக் கூண்டில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே செபமாலை சொல்லும் வீடுகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

3. அடையாளம் தேடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் பூனை குறுக்கே போனால் நிற்பார்கள், பல்லி சொன்னால் கேட்பார்கள். நாய் ராத்திரி ஊளையிட்டால் யார் வீட்டில் சாவு என்று கணக்குப் போடுவார்கள். ஞானஸ்நானம் வாங்கியும் இந்தப் பழக்கம் சில வீடுகளில் போகவில்லை. மேலே ஒரு செபத்தைப் பூசி வைத்திருக்கிறார்கள். "மூணு நாளா ஒரு பூனைக்குட்டி வாசலுக்கு வருது, ஆண்டவர்தான் அனுப்புறார்" என்பார்கள். இருக்கலாம். பசியும் அனுப்பியிருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும், நீங்கள் செய்ய வேண்டியது அதற்குச் சாப்பாடு வைத்து, அக்கம்பக்கத்தில் யாருடைய குட்டி என்று விசாரிப்பதுதான்.

லொயோலா இஞ்ஞாசியார் மனம் திரும்பிய புதிதில், 1522இல், மொன்செராத்துக்குக் கோவேறு கழுதையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு மூர் இனத்தவர் மாதாவின் கன்னிமையைப் பற்றி வாதம் பண்ணிவிட்டு முன்னால் போய்விட்டார். துரத்திப் போய்க் குத்துவதா விடுவதா என்று இவருக்கு ஒரே குழப்பம். பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அந்த ஆள் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது என்று முடிவு. ஊருக்குப் போகும் வழி அகலமாகவும் நன்றாகவும் இருந்தும் கழுதை நெடுஞ்சாலையிலேயே போனது. ஓர் உயிர் தப்பியது, இஞ்ஞாசியாரும் தப்பினார்.

கடவுள் அன்று இரங்கினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே இஞ்ஞாசியார் பின்னாளில் 'ஆன்மப் பயிற்சிகள்' நூலை எழுதியபோது, கழுதையிடம் கடிவாளத்தைக் கொடு என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. செபி, இரு பக்கக் காரணங்களையும் எடைபோடு, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் முடிவெடு, கலங்கியிருக்கும்போது எடுத்த முடிவை மாற்றாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் இருப்பவர்களைக் கடவுள் எதைக்கொண்டும் காப்பாற்றுவார். அதற்காக நாம் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

4. ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருவிழா. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுப் பொங்கலோடு ஒட்டி வரும். மாடு, கன்று, ஆடுகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிவந்து மந்திரிப்பார்கள். அக்டோபர் 4 அசிசி பிரான்சிஸ் திருநாள். நகரத்துப் பங்குகளில் அன்று நாய் பூனைகளை மந்திரிக்கிறார்கள். நீங்களும் கொண்டுபோங்கள். தீர்த்தம் விழும்போது அது உடம்பை உதறும், பிள்ளைகள் சிரிப்பார்கள். நல்ல நாள் அது.

ஆனால் ஒன்று. மந்திரிப்பு தடுப்பூசிக்குப் பதிலாகாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, மனிதனானாலும் நாயானாலும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி போட வேண்டும். மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் ஆண்டுதோறும். அட்டையைப் பைபிளுக்குள் வைத்தாலும் சரி, அடுப்படி நாள்காட்டியில் செருகினாலும் சரி, தேதியை மறக்காதீர்கள்.

யாரையாவது நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று சீட்டில் எழுதித் தருவார்கள். ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து ஒன்றும் தேவைப்படும். அதைக் கேட்டு வாங்குங்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்று சொல்லி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் இந்த நோய்க்காகப் புனித ஹியூபர்ட்டிடம் மன்றாடினார்கள். அவர் பெயரால் ஓர் இரும்பைக் காய்ச்சிக் கடிவாயில் சூடு போடுவார்கள். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், நாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போடச் செய்தார். முயலின் முதுகுத்தண்டை உலர்த்தித் தயாரித்த மருந்து அது. பையன் பிழைத்தான். 1907இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் வந்தது. அத்தனை தலைமுறை மன்றாட்டுக்கும் கடவுள் கொடுத்த பதில் அந்த ஊசிதான் என்று நான் மனதார நம்புகிறேன். அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத் திரும்பவும் சூட்டுக்கோலைக் கேட்பது விசுவாசமாகாது.

5. உற்றுப் பார்க்கப் பழகுங்கள். இதுதான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது.

வத்தலக்குண்டுப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு கைம்பெண் தன் பால் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வந்ததும், "வனத்து அந்தோணியாரே, நீதாம்பா" என்பார். அதே மூச்சில் என்னிடம், "காலையில இருந்து அசை போடலைய்யா. நேத்துச் சாயங்காலம் புழுக்கை கெட்டியா இருந்துச்சு. இடது விலாப் பக்கம் உப்பியிருக்கு. எதிர் வீட்டுல கொட்டின சோத்தைத் தின்னுருக்கும்" என்பார். எனக்குப் பரிசோதிக்க மிச்சம் எதுவும் இருக்காது. அந்த அம்மாளுக்குச் செபமும் கவனிப்பும் தனித்தனியாக இருக்கவில்லை. படித்தவர்கள் பலர் என்னிடம் வந்து, "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு டாக்டர், வேண்டிக்கிட்டுதான் இருக்கோம்" என்பார்கள். என்ன மாதிரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாரம் ஒருமுறை, அது நன்றாக இருக்கும்போதே, பக்கத்தில் உட்காருங்கள். மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறில் விரலை வைத்து அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காதுக்குள், கால்விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். நல்ல நாளில் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் கெட்ட நாள் எது என்று தெரியும்.

சில விஷயங்களில் காலை வரை காத்திருக்க முடியாது. குட்டி நாய் வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் ரத்தமாகப் பேதி போனால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த மணிநேரமே கிளம்புங்கள். ஆண் பூனை மூத்திரம் போக உட்கார்ந்து உட்கார்ந்து முக்கி, சொட்டுக்கூட வராவிட்டால் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஓரிரு நாளில் செத்துவிடும். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், அது கொன்றுவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் மருந்தகத்தில் கூட்டம் அதிகம். உலர்திராட்சை போட்ட கேக், சாக்லேட், வெங்காயம் கலந்த பிரியாணி, வெந்த கோழி எலும்பு எல்லாமே நாய்க்கு ஆபத்து. செபித்துக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள்.

6. அடிக்கக் கை ஓங்கும்போது பிலயாமின் கழுதையை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நூல் 22ஆம் அதிகாரம். கழுதை வழியைவிட்டு வயலுக்குள் போகிறது, சுவரோரம் ஒதுங்கிப் பிலயாமின் காலை நசுக்குகிறது, கடைசியில் படுத்தேவிடுகிறது. மூன்று முறையும் அடி விழுகிறது. வழியில் வாளோடு நின்ற ஆண்டவரின் தூதரை அது பார்த்தது, தீர்க்கதரிசி பிலயாம் பார்க்கவில்லை. ஏன் அடித்தாய் என்று தூதரே கேட்கிறார்.

சுத்தமாக இருந்த நாய் திடீரென்று பாயில் மூத்திரம் போனால் மூத்திரப்பையில் நோய் இருக்கலாம். தொட்டாலே உறுமுகிற நாய்க்கு இடுப்பில் வலி இருக்கலாம். தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் போய் வெளியே வர மறுப்பது பயத்தால். அது நமக்குத் தெரியாத ஒன்றைக் கண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். கோபத்தில் அடித்துப் பழகிய வீட்டில் அடி நாயோடு நிற்பதில்லை, பிள்ளைகள்மேலும் விழும்.

7. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டால் உடனே எதிர்த்துப் பேசாதீர்கள். பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிட உதவு என்று விடுதலைப் பயணம் 23ஆம் அதிகாரத்தில் கட்டளை இருக்கிறது. விலங்கை வைத்துப் பகையைக் குறைக்கச் சொல்கிறவர் நம் கடவுள்; நம்மில் சிலர் நாயை வைத்துப் பகையை வளர்க்கிறோம். வெளியே போகும்போது கயிறு போடுங்கள், அது போகிற மலத்தை நீங்களே எடுங்கள். நாயைக் கண்டு பயப்படும் பாட்டி மாடிப்படியில் வந்தால் நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். தெரு நாய்களுக்குச் சோறு வைப்பதாக இருந்தால் அவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் போட ஏற்பாடு செய்யும் பொறுப்பும் உங்களுக்கு வந்துவிடுகிறது.

8. கருத்தடை அறுவை சிகிச்சை என்றால் நம் வீடுகளில் ஒரு தயக்கம் வருகிறது. "ஆண்டவர் குடுக்கிறதை நாம தடுக்கலாமா டாக்டரய்யா?" குடும்பக் கட்டுப்பாடு பற்றித் திருஅவை சொல்வது கணவன் மனைவிக்கு, நாய்க்கும் பூனைக்கும் அந்தச் சட்டம் இல்லை. பெண் நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகள்கூடப் பிறக்கும். அவற்றுக்கு வீடு கிடைக்காமல், சாக்கில் போட்டுச் சந்தைப்பேட்டையிலோ கண்மாய்க் கரையிலோ விட்டுவிட்டு வருகிறவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். கண் திறக்காத குட்டிகளைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவருவதைப் போன்ற ஒரு பொய் நம்பிக்கையை நான் கண்டதில்லை. அறுவை சிகிச்சை செய்யுங்கள். நோவா பேழையைக் கட்டினார், அளவு பார்த்து, தார் பூசி, தீவனம் சேர்த்து. மழை கடவுளுடைய வேலை, பலகை நோவாவின் வேலை.

9. செலவு. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2415 முதல் 2418 வரையுள்ள பத்திகளைப் படியுங்கள். விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் அன்பு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம், காரணமில்லாமல் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்கப் போக வேண்டிய பணத்தை விலங்குகள்மேல் கொட்டுவது தகாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வேலைக்காரம்மாவின் பிள்ளைக்குப் பள்ளிச் சாமான் வாங்கித்தர மனமில்லாத வீட்டில் நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்ட வேண்டாம். வாங்கும்போதே ஒரு தனி உண்டியல் வையுங்கள். மாதம் முடிந்ததைப் போடுங்கள், நோய் வரும் நாளில் கடன் வாங்காமல் இருக்கலாம்.

10. குடும்பச் செபத்தில் பிள்ளை நாயின் பெயரைச் சொல்லி வேண்டினால் தடுக்காதீர்கள். நினிவே நகரில் மாடும் ஆடும்கூட நோன்பிருந்தன. யோனா நூலின் கடைசி வரியில் கடவுள் அந்த ஊர்க் கால்நடைகளையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார். செபம் முடிந்ததும் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பும் வேலையையும் பிள்ளையிடமே விடுங்கள்.

11. முடிவு ஒரு நாள் வரும். அதற்கு முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குணமாக வழியில்லாத நோயில், வலி தாங்காமல் அது சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டு, எழவும் முடியாமல் கிடக்கும்போது மருத்துவர் ஊசி போட்டு உறங்க வைப்பதைப் பற்றிப் பேசுவார். மனித உயிருக்கு இதைச் செய்ய நமக்கு உரிமை கிடையாது. விலங்கின் வலியை முடித்து வைப்பதை அப்படிப் பார்க்க வேண்டாம். செய்தால் பாவமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது, நீங்கள் தப்பித்துக்கொள்ள நினைக்கிறீர்களா, அதைத் தப்புவிக்க நினைக்கிறீர்களா என்று உங்கள் மனதையே கேளுங்கள் என்பதுதான். முடிவை ஒருவர் தலையில் போடாதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுங்கள், ஊசி போடும்போது கூட இருங்கள். அதற்குப் பழகிய கை அதன் தலையில் இருக்கட்டும்.

"அது மோட்சத்துக்குப் போகுமா தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். "ஊருக்குப் போயிருக்கு, வந்துடும்" என்று பொய் சொல்லாதீர்கள். விற்கப்படும் சிட்டுக்குருவிகளில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், நிலைவாழ்வின் வியப்பை எல்லாப் படைப்புகளும் நம்மோடு பகிரும் என்கிறார். கடவுள் தாம் படைத்ததை மறக்கமாட்டார், அது அவர் கையில் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைக்குப் போதும். எனக்கும் அது போதுமாக இருக்கிறது.

அழுகிறவர்களைப் பார்த்து, "நாய்க்குப் போயா?" என்று யாரும் கேட்க வேண்டாம். நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் சொன்ன கதையில், அந்த ஏழை தன் ஆட்டுக்குட்டிக்குத் தன் உணவிலிருந்து கொடுத்து, தன் கிண்ணத்தில் குடிக்கவைத்து, மடியில் தூங்க வைத்து மகளாக வளர்த்தான். அந்தக் குட்டியைப் பணக்காரன் ஒருவன் பறித்துச் சமைத்ததைக் கேட்டுத் தாவீது அரசருக்கே கோபம் வந்தது. அப்படி வளர்த்தவனைக் கடவுள் கேலி செய்யவில்லை.

போனவுடனே இன்னொன்றை வாங்கிவராதீர்கள். கலங்கிய மனதோடு எதையும் மாற்றாதே என்ற இஞ்ஞாசியாரின் புத்தி இங்கேதான் உதவும். கிண்ணத்தையும் கயிற்றையும் கழுவி ஓரிடத்தில் வையுங்கள். பிள்ளை அழுது முடிக்கட்டும், வீட்டம்மா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். பிறகு இரண்டாவது அறிவுரையிலிருந்து தொடங்குங்கள்.

12. வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற குடும்பங்கள் நம் பங்கில் நிறைய. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே கிளம்பிவிடுவீர்கள். நாயைச் சங்கிலியில் கட்டி, ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டு, மாதா பார்த்துக்கொள்வார் என்று போகாதீர்கள். மாதா பார்த்துக்கொள்வதற்காகத்தான் உங்களுக்கு எதிர் வீட்டுக்காரரைக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் முன்பாகவே அவரை வீட்டுக்கு அழைத்து, அவர் கையால் சாப்பாடு வைக்கச் சொல்லிப் பழக்குங்கள். எத்தனை வேளை, எவ்வளவு, எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வழியில் தங்கும் ஊர்களிலிருந்து தினமும் ஒரு போன் போடுங்கள். சாவியைக் கொடுக்கும்போதே மருத்துவச் செலவுக்கு ஓர் ஆயிரம் ரூபாயும் கொடுத்துவிடுங்கள். உதவி செய்ய வந்தவர் கையிலிருந்து போட்டுவிட்டு, திருப்பிக் கேட்கச் சங்கடப்படக் கூடாது.